முப்பது மீட்டரில் மந்தமாகும் மூளை: புதிதாக முக்குளிப்பவர்களுக்கு

மலேசியாவின் கிழக்குக் கரையில், தெங்கோல் தீவுக்குப் பக்கத்தில் 31 மீட்டர் ஆழம். டேங்கில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் மீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முள் 110இல் நின்றது. நூற்றுப் பத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மறுபடி பார்த்தேன். நூற்றுப் பத்து. மூன்றாவது தடவையும் பார்த்தேன். எண் தெளிவாகத்தான் தெரிந்தது. அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் வரவில்லை. பயம் இல்லை, பதற்றமும் இல்லை. பக்கத்துப் பாறையில் ஒரு கடல் விசிறி, விசிறி வடிவப் பவளம், மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. கூட இறங்கிய அண்ணன் என் தோளைத் தட்டிக் கட்டைவிரலை மேலே காட்டினார். ஏன் என்று புரியாமலேயே அவரோடு ஏறினேன். 24 மீட்டருக்கு வந்ததும் காதில் அடைத்திருந்த பஞ்சை யாரோ எடுத்துவிட்டது போல எல்லாம் தெளிந்தது. டேங்கின் அழுத்தம் 120 பாருக்கு இறங்கியதும் திரும்ப வேண்டும் என்று படகில் பேசி வைத்திருந்தோம். நான் அதைத் தாண்டிவிட்டிருந்தேன். அப்படிப் பேசியதே கீழே இருந்தபோது நினைவில் இல்லை.

இதுதான் நைட்ரஜன் மயக்கம். முக்குளிப்பவர்கள் பேச்சில் ‘நார்க்’. கோலாலம்பூரிலிருந்து பெர்ஹெந்தியான் தீவுக்கோ தியோமான் தீவுக்கோ போய் ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கிவிட்டு, அடுத்து அட்வான்ஸ்ட் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் சான்றிதழ் 18 மீட்டரோடு நிற்கிறது. அந்த ஆழத்தில் பெரும்பாலானவர்களுக்கு மயக்கம் ஒரு பிரச்சினையே இல்லை. அட்வான்ஸ்ட் 30 மீட்டர் வரை கொண்டுபோகிறது, டீப் டைவ் பயிற்சி 40 வரை. மயக்கம் தலைகாட்டத் தொடங்குவது சரியாக அந்த 30 மீட்டர் வாக்கில்தான். சிலருக்கு 25க்கு முன்பே தெரியும்.

உள்ளே என்ன நடக்கிறது

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 78 விழுக்காடு நைட்ரஜன். தரையில் அது நம்மை ஒன்றும் செய்வதில்லை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் மொத்தம் நான்கு. அங்கே ரெகுலேட்டர், அதாவது டேங்க் காற்றை வாய்க்குத் தரும் கருவி, தரும் ஒவ்வொரு மூச்சிலும் மேலே இருப்பதைப் போல நான்கு மடங்கு நைட்ரஜன் உள்ளே போகிறது. நைட்ரஜன் கொழுப்பில் எளிதாகக் கரையும். நரம்பு உயிரணுக்களைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு கொழுப்பால் ஆனது. அதில் வாயு ஊறும்போது நரம்புகள் செய்தி கடத்தும் வேகம் குறைகிறது என்பதுதான் வெகுகாலமாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம். பல் பிடுங்கும்போது சில மருத்துவர்கள் தரும் சிரிப்பு வாயுவையும் இதோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள்.

ஆழத்தில் ஆட்கள் குழம்புவது முன்பே தெரிந்த விஷயம். அதற்கு நைட்ரஜன்தான் காரணம் என்று 1935இல் எடுத்துச் சொன்னவர் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கி. பிரெஞ்சுக்காரர் ழாக் குஸ்தோ இதை ஆழத்தின் போதை என்று அழைத்தார். மேல்நாட்டு முக்குளிப்பாளர்கள் பத்து மீட்டருக்கு ஒரு கிளாஸ் மது என்று கணக்குச் சொல்வார்கள். எனக்கு அந்த ஒப்பீடு அவ்வளவாகப் பிடிக்காது. மது குடித்தவருக்குத் தான் குடித்திருக்கிறோம் என்பதாவது தெரியும். நார்க் பிடித்தவருக்குப் பெரும்பாலும் தெரியாது. எதை வைத்து நாம் நம்மைக் கவனிக்கிறோமோ, அந்த மூளைதான் முதலில் மந்தமாகிறது. ‘எனக்கு ஏதாவது ஆனால் நானே பார்த்துக்கொள்வேன்’ என்று நினைத்து 30 மீட்டருக்கு யாரும் இறங்கவே கூடாது. கீழே எடுக்க வேண்டிய முடிவுகளை மேலேயே எடுத்துவிடுங்கள். இனி நான் சொல்லப்போகும் எல்லாம் இதற்காகத்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நைட்ரஜன் மயக்கமும் அழுத்த நீக்க நோயும் வேறு வேறு. இரண்டிலும் நைட்ரஜன் இருப்பதால் புதியவர்கள் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மயக்கம் கீழே இருக்கும்போது வருவது, ஏறினால் போய்விடும். நோய் மேலே ஏறிய பிறகு, கரைந்த நைட்ரஜன் குமிழிகளாவதால் வருவது. அது தானாகப் போகாது.

எப்படி இருக்கும்

ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கு நாளுக்கு நாளும் மாறும். நல்ல தெளிவான தண்ணீரில் சிலருக்குக் காரணமில்லாத குதூகலம் வரும். தண்ணீர் கலங்கி இருட்டாக இருந்தால் அதே மயக்கம் திகிலாக வரும். யாரோ பின்னால் வருவது போல, மூச்சு போதாதது போலத் தோன்றும். எனக்கு வந்தது மூன்றாவது வகை: ஒரே பொருளில் பார்வை ஒட்டிக்கொள்வது. மீட்டர், கடல் விசிறி, கேமராவின் ஒரு பொத்தான் என்று ஏதாவது ஒன்று. உலகம் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும்.

அட்வான்ஸ்ட் பயிற்சியின் ஆழ முக்குளிப்பில் ஆசிரியர்கள் ஒரு சின்னச் சோதனை வைப்பது வழக்கம். ஒரு கணக்கையோ பெயரைத் தலைகீழாக எழுதுவதையோ படகில் ஒரு தடவை, கீழே ஒரு தடவை செய்யச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். எங்கள் குழுவில் இதைத் தமிழில் செய்து பார்த்தோம். ‘வாழைப்பழம்’ என்று பிளாஸ்டிக் பலகையில் எழுத வேண்டும், அவ்வளவுதான். படகில் எல்லாரும் சட்டென்று எழுதினோம். 30 மீட்டரில் என் தோழி ‘வா’ எழுதிவிட்டு நிறுத்தினாள். பென்சில் முனையைப் பார்த்தாள். பிறகு ‘ழை’க்குப் பதிலாக ‘லை’ எழுதினாள், மறுபடி நிறுத்தினாள். முடித்துவிட்டுப் பலகையை எங்களிடம் பெருமையாகக் காட்டி ஓகே சைகை செய்தாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியை அவள். மேலே வந்து பலகையைப் பார்த்தபோது அதைத் தான் எழுதினதாக அவளால் நம்பவே முடியவில்லை. கீழே இருந்த வரைக்கும் தான் தெளிவாக இருந்ததாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் படி கோலாலம்பூரிலேயே

இதைத்தான் நம்மவர்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாம் எப்படிப் போகிறோம்? வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, சாப்பிட்டு, பத்து மணிக்கு மேல் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ நண்பர்களை ஏற்றிக்கொண்டு காராக் நெடுஞ்சாலையைப் பிடிக்கிறோம். படகு ஏறும் ஊர் மெர்சிங் என்றாலும் டுங்குன் என்றாலும் நான்கைந்து மணி நேரம், கோலா பெசுட் என்றால் இன்னும் அதிகம். வழியில் மாமாக் கடையில் ஒரு தே தாரிக். விடியற்காலையில் ஜெட்டிக்குப் பக்கத்தில் காரிலேயே ஒரு குட்டித் தூக்கம். எட்டு மணிக்குப் படகு, பத்து மணிக்குத் தண்ணீரில்.

பெர்ஹெந்தியானின் 12 மீட்டர் பாறைத் திட்டுக்கு இந்தக் களைப்பு அவ்வளவாகப் பாதகமில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் அதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 30 மீட்டருக்கு என்றால் கண்டிப்பாக வேண்டாம். தூக்கமின்மை, களைப்பு, பதற்றம், குளிர், முந்தின இரவு குடித்தது எல்லாமே மயக்கத்தைச் சீக்கிரம் வரவழைக்கும், வந்ததைக் கூட்டும். ஆழ முக்குளிப்பு திட்டத்தில் இருந்தால் இரவே தீவுக்கோ ஜெட்டி ஊருக்கோ போய்ப் படுங்கள். முடியாவிட்டால் அந்த முக்குளிப்பை இரண்டாம் நாள் காலைக்குத் தள்ளுங்கள். எப்படியும் அன்றைய முதல் முக்குளிப்பாகத்தான் அதை வைக்க வேண்டும்.

அடுத்தது படகு வாந்திக்கான மாத்திரை. பல மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும், நைட்ரஜனோடு சேர்ந்தால் மந்தம் கூடும். ஏதாவது மாத்திரை போடுவதாக இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். முக்குளிக்காத ஒரு நாளில் போட்டுப் பார்த்து உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆழத்தில் முதல்முறையாகச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

எங்கே போவது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். பினாங்குக் கடல் கலங்கல். அங்கிருப்பவர்கள் கெடா பக்கம் பாயார் தீவுக்குப் போவார்கள், அது ஆழம் குறைந்த இடம். பெர்ஹெந்தியானில் பெரும்பாலான இடங்கள் 20 மீட்டருக்குள் முடிந்துவிடும். மிதப்பைக் கட்டுக்குள் வைக்கப் பழக அருமையான இடம், மயக்கம் வர வாய்ப்பு குறைவு. தெங்கோலில் பாறைச் சரிவு 40 மீட்டரையும் தாண்டி இறங்குகிறது. சபாவின் சிப்பாடான் தீவில் கரையிலிருந்து சில அடி தூரத்திலேயே செங்குத்தான பாறைச் சுவர் தொடங்கி நூற்றுக்கணக்கான மீட்டருக்குக் கீழே போகிறது. அந்த நீலத்தில் எவ்வளவு ஆழம் போனோம் என்று கண்ணுக்குத் தெரியாது. பெர்ஹெந்தியானிலும் தியோமானிலும் இருபது முப்பது முக்குளிப்பு செய்த பிறகு தெங்கோல், அதற்கப்புறம் சிப்பாடான். நான் சிபாரிசு செய்யும் வரிசை இதுதான். கிழக்குக் கரைத் தீவுகள் நவம்பர் தொடங்கிப் பருவமழை முடியும்வரை மூடியிருக்கும், அதை வைத்துத் திட்டமிடுங்கள்.

படகில் பேசி முடிக்க வேண்டியவை

உங்கள் பட்டியோடு, அதாவது ஜோடியாக இறங்குபவரோடு, மூன்று எண்களை முடிவு செய்யுங்கள்: அதிகபட்ச ஆழம், திரும்ப வேண்டிய காற்றளவு, அடியில் இருக்கும் நேரம். பலகையில் எழுதி மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். என் 120 அப்படித்தான் காணாமல் போனது. ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரில் ஆழ எச்சரிக்கை இருந்தால் அதை அந்த அதிகபட்ச ஆழத்துக்கு வைத்துவிடுங்கள்.

காற்றுக் கணக்கை ஒரு தடவையாவது தாளில் போட்டுப் பாருங்கள். சாதாரண அலுமினிய டேங்க் சுமார் 11 லிட்டர் கொள்ளளவு. 200 பாரில் இருந்து 50 பாரை அவசரத்துக்கு ஒதுக்கினால் மீதி 150 பார், அதாவது 1,650 லிட்டர். தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 30 மீட்டரில் நிமிடத்துக்கு 80 லிட்டர் இழுப்பார். 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தாலே அதிகம், அதிலும் ஏறுவதற்கான காற்று சேர்த்தி. பதினெட்டு மீட்டரில் பழகியவருக்கு முள் இறங்கும் வேகம் அதிர்ச்சியாக இருக்கும். மந்தமான மூளையோடு அதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் சைகைகள். நம் ஊரில் கட்டைவிரலைத் தூக்கினால் ‘சூப்பர்’. தண்ணீருக்குள் அது ‘மேலே போ’. ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம். கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் ‘ஏதோ சரியில்லை’. தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றினால் நார்க். இந்த நான்கையும் படகிலேயே செய்து காட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயமும் பேச வேண்டும், இது நம்மவர்களுக்கே உரியது. நம் குழுக்களில் வயதில் மூத்தவர் அண்ணன். அவர் முன்னால் இறங்கினால் தம்பிகள் பின்னால் போவார்கள். அவர் ஆழத்தில் தடுமாறினாலும், அண்ணனுக்குப் போய்க் கட்டைவிரல் காட்டுவதா என்று தம்பி தயங்குவான். என்னை அன்று ஏற்றிய அண்ணன் இதற்காகவே ஒவ்வொரு முறையும் படகில் சொல்வார்: “யார் விரல் காட்டினாலும் எல்லாரும் ஏறணும். ஏன்னு மேல வந்து கேட்டுக்கலாம்.” இதை உங்கள் குழுவிலும் மூத்தவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். சின்னவர்கள் சொன்னால் அந்த வலு இருக்காது. மேலே வந்த பிறகு ‘பயந்துட்டியா’ என்று கேலி செய்யும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். கேலிக்குப் பயந்தே அடுத்த தடவை ஒருவர் விரல் காட்டாமல் இருந்துவிடுவார்.

இறங்கும்போதும் அடியிலும்

தலைகீழாகப் பாயாமல், கால் கீழாக, படகுக் கயிறு இருந்தால் அதை ஒட்டி நிதானமாக இறங்குங்கள். வேகமாக இறங்கினால் மயக்கம் சட்டென்று தாக்கும். 20 மீட்டரில் ஒரு நிறுத்தம். பட்டியின் கண்களைப் பாருங்கள், ஓகே கேளுங்கள், காற்றைச் சொல்லுங்கள்.

மூச்சு நீளமாக, ஆழமாக, இடைவிடாமல் இருக்க வேண்டும். காற்றை மிச்சப்படுத்த மூச்சைப் பிடித்துப் பிடித்து விடுவது மிகவும் கெட்ட பழக்கம். உடம்பில் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) சேர்ந்தால் மயக்கம் பலமாகும். நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்படித்து மூச்சு வாங்கினாலும் அதே கதைதான். நீரோட்டம் இழுத்தால் போராடாமல் பாறையின் மறைவுக்குப் போங்கள், இல்லாவிட்டால் முக்குளிப்பை முடித்துக்கொள்ளுங்கள்.

முதல் சில ஆழ முக்குளிப்புகளில் கேமரா வேண்டாம். ஒரு வேலை கூடினாலும் மந்தமான மூளை வேறொன்றைக் கைவிட்டுவிடும், அது பெரும்பாலும் காற்று மீட்டராகத்தான் இருக்கும். ஓரிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து எண்ணை விரல்களால் பட்டிக்குச் சொல்லுங்கள். விரல் விளையாட்டும் உதவும்: அவர் இரண்டு விரல் காட்டினால் நீங்கள் மூன்று, நான்கு காட்டினால் ஐந்து. தாமதமாகவோ தப்பாகவோ பதில் வந்தால் ஏறுங்கள். ஆனால் சரியாகச் சொன்னதாலேயே தெளிவாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. பழகிய விளையாட்டை மந்தமான மூளையும் ஆடிவிடும்.

வந்துவிட்டால்

நில்லுங்கள். கயிறோ வெறும் பாறையோ இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள், பவளத்தைத் தொடாதீர்கள். பட்டிக்குச் சைகை செய்யுங்கள். இருவரும் சேர்ந்து மெதுவாக ஏறுங்கள், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல். ஏற ஏற பிசிடியில், அதாவது மிதப்புக்குக் காற்று நிரப்பும் சட்டையில், காற்று விரியும், அதை வெளியேற்றிக்கொண்டே போக வேண்டும். மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள். பெரும்பாலும் நான்கைந்து மீட்டர் ஏறியதுமே தலை தெளியும். தெளிந்ததும் மறுபடி கீழே போகத் தோன்றும். போகாதீர்கள். மீதி முக்குளிப்பை அந்த உயரத்திலோ அதற்கு மேலோ முடித்து, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று மேலே வாருங்கள்.

மயங்கியவர் உங்கள் பட்டி என்றால் வேலை கொஞ்சம் கடினம். அவர் ஓகே காட்டுவார், நம்பாதீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறதா, கண் உங்களைப் பார்க்கிறதா, இல்லை உங்களைத் தாண்டி எங்கேயோ நிற்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தாலே போதும். முன்பக்கமாகப் போய் அவர் பிசிடியின் தோள்பட்டியைப் பிடியுங்கள், முகத்துக்கு நேராகக் கட்டைவிரலைக் காட்டுங்கள், கூட்டிக்கொண்டு ஏறுங்கள். அவருடைய ரெகுலேட்டர் வாயில் இருக்கிறதா என்பதில் உங்கள் ஒரு கண் எப்போதும் இருக்க வேண்டும்.

ஆழம் குறைந்தும் தெளியவில்லை, மேலே வந்த பிறகும் தலைசுற்றல், மரமரப்பு, மூட்டு வலி, பேச்சுக் குழறல் இருக்கிறது என்றால் அது நைட்ரஜன் மயக்கம் இல்லை. அழுத்த நீக்க நோயாகவோ வேறு ஆபத்தாகவோ இருக்கலாம். உடனே படகில் உள்ள சுத்த உயிர்வளியை (ஆக்சிஜன்) கொடுத்து மருத்துவ உதவிக்குச் சொல்லுங்கள். ‘தூங்கி எழுந்தா சரியாயிடும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். படகில் உயிர்வளி டேங்க் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே கேட்பது உங்கள் உரிமை.

அடிக்கடி கேட்கும் இரண்டு கேள்விகள்

நைட்ராக்ஸ் போட்டால் மயக்கம் வராதா? உயிர்வளி கூட்டிய அந்தக் கலவை அடியில் அதிக நேரம் இருக்க உதவும். மயக்கத்துக்கு அதை நம்ப வேண்டாம், அழுத்தத்தில் உயிர்வளிக்கும் மந்தமாக்கும் குணம் உண்டு என்றே கருதப்படுகிறது. அதோடு 32 விழுக்காடு நைட்ராக்ஸை ஏறக்குறைய 33 மீட்டருக்குக் கீழே கொண்டுபோகவும் கூடாது, உயிர்வளியே நஞ்சாகலாம். மயக்கத்துக்கு உண்மையான மாற்று ஹீலியம்தான். 1939இல் மூழ்கிய ஸ்குவாலஸ் என்ற அமெரிக்க நீர்மூழ்கியைத் தூக்கும் பணியில், 70 மீட்டருக்கும் அதிக ஆழத்துக்குச் சாதாரணக் காற்றைச் சுவாசித்து இறங்கியவர்கள் குழம்பினார்கள். ஹீலியமும் உயிர்வளியும் கலந்து கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது. நம் குவாந்தான் கடலில் 1941 டிசம்பர் 10ஆம் தேதி மூழ்கிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் போர்க்கப்பலும் 68 மீட்டரில் கிடக்கிறது. அங்கே இறங்க ஹீலியக் கலவையும் அதற்கான நீண்ட பயிற்சியும் வேண்டும். சாதாரணக் காற்றோடு போகும் இடமில்லை.

பழகப் பழக மயக்கம் குறையுமா? பழகியவர் அதை அடையாளம் காணக் கற்றுக்கொள்கிறார், வேலைகள் கைப்பழக்கமாகிவிடுவதால் தடுமாற்றம் வெளியே தெரிவது குறைகிறது. நைட்ரஜன் அவருக்குள்ளும் அதே அளவுதான் போகிறது. ஆயிரம் முக்குளிப்பு செய்தவர் ‘எனக்கெல்லாம் வராது’ என்றால் நான் அவரோடு ஆழத்துக்கு இறங்க மாட்டேன்.

மேலே வந்த பிறகு

திரும்பி வரும் வழியில் கெந்திங் மலைக்குப் போய்விட்டு வரலாம் என்று காரில் யாராவது ஆரம்பிப்பார்கள். கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம் அது. முக்குளித்த உடம்புக்கு விமானத்தில் ஏறுவதைப் போன்றதுதான். பல முறை முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் கழியட்டும்.

படகிலேயே, ஈரம் காய்வதற்குள், உங்கள் பட்டியோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஆழத்தில் என்ன தோன்றியது, அவர் உங்களை எப்படிப் பார்த்தார், நீங்கள் அவரை எப்படிப் பார்த்தீர்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது, அந்த வித்தியாசத்தைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். லாக் புத்தகத்தில் ஆழம், காற்று, நேரத்தோடு முந்தின இரவு தூங்கிய நேரத்தையும் எழுதுங்கள். தெங்கோலில் அன்று நான் எழுதியது இன்னும் இருக்கிறது: “31 மீ. 110 பார். தூக்கம் 3 மணி. கடல் விசிறி நினைவிருக்கிறது, 120 நினைவில்லை.” அதற்கடுத்த பக்கத்தில், மறுநாள் காலை: “26 மீ. தூக்கம் 8 மணி. 120இல் நானே விரல் காட்டினேன்.”